படகுகள் போன பிறகு வரைந்த கடற்கரை

1888 ஜூன் மாதத் தொடக்கம். பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம் செந்த்-மரி என்று ஒரு சின்ன மீனவர் ஊர். விடிந்தும் விடியாத நேரம். மணலில் இழுத்துப் போட்ட படகுகளுக்கு முன்னால் ஒருவர் நாணல் பேனாவும் மையும் தாளுமாக வரைந்துகொண்டிருக்கிறார். முந்தைய நாள்களிலும் காலையில் வந்து இந்தப் படகுகளைப் பார்த்தவர்தான். ஆனால் அவை அதிகாலையிலேயே கடலுக்குப் போய்விடும், வரைய நேரம் கிடைக்காது. இன்று அவர் ஊர் திரும்ப வேண்டிய நாள். இன்று விட்டால் பிறகு கிடையாது. அளவு பார்க்கவில்லை, கோடு போட்டுச் சரிபார்க்கவில்லை. பேனா போன போக்கில் ஒரு மணி நேரத்தில் வரைந்து முடித்தார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்துக்குள்ளேயே சொற்களாகக் குறித்துக்கொண்டார். அப்புறம் படகுகள் போய்விட்டன. அவரும் குதிரை வண்டி ஏறி ஆர்ல் நகரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் குறிப்பை வைத்து, கடல் கண்ணில் படாத தன் அறையில் அவர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'செந்த்-மரி கடற்கரையில் மீன்பிடிப் படகுகள்' என்று அதற்குப் பெயர். சுமார் 65 சென்டிமீட்டர் உயரம், 81 சென்டிமீட்டர் அகலம். வரைந்தவர் வின்சென்ட் வான் கோ.

போஸ்ட்-இம்ப்ரஷனிசம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். இதைவிடப் புகழ்பெற்ற படங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இந்தப் படம் உருவான விதத்திலேயே அந்தப் பெரிய சொல்லுக்கான அர்த்தம் இருக்கிறது. பார்த்தது ஒரு நேரம், ஓவியமானது வேறொரு நேரம். கண் பார்த்ததற்கும் கை வரைந்ததற்கும் நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்கிறார். அந்த நடு இடம்தான் இங்கே முக்கியம்.

சரி, 'போஸ்ட்' என்றால் 'பிறகு'. எதற்குப் பிறகு? இம்ப்ரஷனிசத்துக்குப் பிறகு. தமிழில் அதை உணர்வுப்பதிவுவாதம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் இம்ப்ரஷனிசம் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இம்ப்ரஷனிசத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு துறைமுகத்துக்குப் போக வேண்டும். பிரான்சின் வடக்குக் கரையில் ல ஆவ்ர். 1872-இல் அங்கே குளோட் மோனே ஒரு விடியற்காலையை வரைந்தார். சாம்பல் கலந்த நீல மூட்டம், அதற்குள் வட்டமாக ஒரு ஆரஞ்சு நிறச் சூரியன், தண்ணீரில் அதன் ஒளி துண்டு துண்டாக நெளிகிறது. முன்னால் ஒரு படகு. படகு என்று தெரிகிறதே தவிர அதன் பலகையோ துடுப்போ பிடிபடாது. இருட்டாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். தூரத்தில் கப்பல்களும் கிரேன்களும் புகையோடு புகையாகக் கரைந்து நிற்கின்றன. இந்தப் படத்துக்கு 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' என்று மோனே பெயர் வைத்தார். 1874-இல் பாரிஸில் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய கண்காட்சியில் அது மாட்டப்பட்டது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகை விமர்சகர் கேலி செய்தார். கேலிப்பெயரே குழுவின் பெயராக நிலைத்துவிட்டது.

மோனேயும் அவருடைய நண்பர்களும் எதைப் பிடிக்க நினைத்தார்கள்? அந்தக் கணத்தின் ஒளியை. காலை ஏழு மணிக்கு ஒரு நிறம், ஏழேகாலுக்கு வேறு நிறம். மேகம் வந்தால் எல்லாமே மாறிவிடும். அதனால் வெளியே போய், இயற்கைக்கு முன்னால் நின்று, வேகமாக வரைய வேண்டும். அதற்கு வசதியும் அப்போதுதான் வந்திருந்தது. 1841-இல் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நாம் பற்பசைக் குழாயைப் பிதுக்குகிறோமே, அதே மாதிரி. அதுவரை வண்ணத்தைக் குழைத்து பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். குழாய் வந்தது, ரயிலும் வந்தது. பாரிஸ்காரர் ஒருவர் காலையில் ரயிலேறிக் கடற்கரைக்குப் போய் வரைந்துவிட்டு வரலாம் என்று ஆனது.

இது சாதாரண விஷயம் இல்லை. நிழல் கறுப்பு இல்லை, நிழலுக்குள்ளும் நீலமும் ஊதாவும் இருக்கின்றன என்று ஐரோப்பிய ஓவியம் அழுத்தமாகப் புரிந்துகொண்டது இவர்களால்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அடுத்த தலைமுறைக்கு ஒரு கேள்வி வந்தது. ஒளியைத் துரத்திக்கொண்டே போனால் பொருள் எங்கே? மோனேயின் படகு மூட்டத்தில் கரைந்துவிட்டதே, அந்தப் படகை எப்படி நிற்க வைப்பது? அப்புறம், பார்க்கிற என் மனசு என்ன சொல்கிறது என்பதற்குப் படத்தில் இடம் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் தேடியவர்களைத்தான் போஸ்ட்-இம்ப்ரஷனிஸ்ட் என்கிறோம். அவர்கள் ஒரு கட்சி இல்லை, ஒரே மாதிரி வரைந்தவர்களும் இல்லை. இம்ப்ரஷனிசத்தின் பளிச்சென்ற நிறத்தை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். கண்ணில் விழுந்ததை விழுந்தபடி பதிவது மட்டும் போதாது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு வழி.

இப்போது வான் கோவின் படகுகளுக்கு வருவோம். கையில் போன் இருந்தால் அந்தப் படத்தைத் தேடித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே பார்க்கலாம்.

முன்னால் மணலில் படகுகள். சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் சுற்றி அழுத்தமான கோடு ஓடுகிறது. பக்கவாட்டில் பட்டை பட்டையாக நிறம். ஒளி விழும் பக்கம் வெளிறி, மறுபக்கம் மெல்ல இருண்டு போகும் ஏற்ற இறக்கத்தை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிவப்பு என்றால் சிவப்பு, முழுவதும். பாய்மரக் கம்பங்கள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு வானத்தில் நீட்டி நிற்கின்றன. கரையில் மனிதர் யாரும் இல்லை. ஒரு படகில் எழுத்துகள் தெரிகின்றன, 'அமித்தியே' என்று. பிரெஞ்சில் நட்பு என்று பொருள்.

பின்னால் கடல். அங்கே பாய் விரித்த படகுகள் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இந்த அழுத்தமான கோடு இல்லை. தண்ணீரும் வானமும் சின்னச் சின்னத் தீற்றல்களால் ஆனவை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் இம்ப்ரஷனிஸ்ட் ஒருவர் வரைந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே சட்டத்துக்குள் பின்னால் பழைய வழி, முன்னால் புது வழி. அசைகிற கடல் அசைவாகவே இருக்கிறது. கரையில் நிற்கும் படகு நிற்கிறது, அதன் பலகைகளை எண்ணலாம் போல.

அழுத்தமான கோடும் தட்டையான நிறமும் எங்கிருந்து வந்தன? ஜப்பானிலிருந்து. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானிய வண்ணப் படங்கள் அப்போது பாரிஸில் மலிவாகக் கிடைத்தன. வான் கோவும் அவருடைய தம்பி தியோவும் அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார்கள். 1887-இல் ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் இரண்டு படங்களை வான் கோ எண்ணெய் வண்ணத்தில் அப்படியே பார்த்து வரைந்து பழகினார், ஒன்று பூத்த பிளம் மரம், மற்றொன்று பாலத்தில் மழை. கோடு போட்டு, உள்ளே ஒரே நிறத்தை நிரப்பினாலே பொருள் உயிரோடு நிற்கும் என்று அந்தப் படங்கள் அவருக்குக் காட்டின. செந்த்-மரியிலிருந்து திரும்பியதும் தியோவுக்கு எழுதிய கடிதத்தில், நீயும் இங்கே கொஞ்ச நாள் இருந்தால் உன் பார்வை மாறிவிடும், ஜப்பானியக் கண்ணோடு பார்ப்பாய், நிறத்தை வேறு மாதிரி உணர்வாய் என்கிறார்.

அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வான் கோவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் எழுதிய கடிதங்களால் வந்ததுதான். தம்பிக்கு அத்தனை எழுதியிருக்கிறார். பாரிஸில் ஓவிய வியாபாரக் கடை ஒன்றில் வேலை பார்த்த தியோதான் அண்ணனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியவர். அதனால் கடிதங்களில் வண்ணக் குழாய்க் கணக்கும் இருக்கும், கடலின் நிறமும் இருக்கும், மனத்தாங்கலும் இருக்கும்.

கடலைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை மறக்கவே முடியாது. மத்தியதரைக் கடலுக்குக் கானாங்கெளுத்தி மீனின் நிறம் என்கிறார். பச்சையா ஊதாவா என்று சொல்ல முடியாது, நீலம்தானா என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த நொடி அதன் மினுமினுப்பு இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ மாறிவிடும் என்று எழுதுகிறார். அவர் சொன்னது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களில் கிடைக்கும் வகை. நம் சந்தையில் கானாங்கெளுத்தி என்றும் அயிலை என்றும் விற்பது அதன் உறவுக்கார மீன். அடுத்த முறை மீன் வாங்கும்போது, பனிக்கட்டியிலிருந்து எடுத்த ஒரு கானாங்கெளுத்தியை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். முதுகில் பச்சை ஓடும், திருப்பினால் நீலமாகும், வயிற்றுப் பக்கம் வெள்ளியில் ஒரு ரோஜா நிறம் தட்டுப்படும். 'கடல் நீலமாக இருந்தது' என்று எழுதிவிட்டுப் போகாமல் மீன் வரைக்கும் யோசித்த மனிதர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

அந்தப் பயணத்தில் அவர் மூன்று கித்தான்களைக் கொண்டுபோனார். இரண்டில் கடலை வரைந்தார், ஒன்றில் ஊரை. கடல் படங்களில் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, மற்றொன்று மாஸ்கோவில். ஆம்ஸ்டர்டாம் படத்தில் அலைகளின் பச்சையையும் மஞ்சளையும் தூரிகையால் மட்டும் தொட்டு வைக்காமல், வண்ணம் குழைக்கும் கத்தியாலும் வழித்துப் பூசியிருக்கிறார். அலைக்குள்ளே ஒளி புகுந்து வருவது மாதிரி இருக்கும். கீழ் மூலையில் 'வின்சென்ட்' என்று கையெழுத்து, பளீரென்ற சிவப்பில், வேண்டுமென்றே பெரிதாக. பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் அப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று கடிதத்தில் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்.

கையெழுத்தே படத்தின் ஒரு நிறமாகிவிட்டது. ஏன் சிவப்பு? மஞ்சள் ஏன் இல்லை? இதற்குப் பின்னால் ஒரு சின்ன அறிவியல் இருக்கிறது. போஸ்ட்-இம்ப்ரஷனிசத்தின் பாதி அதில்தான் நிற்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருந்தது. 1824 முதல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மிஷேல் செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். அவரிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை, வெளிறித் தெரிகிறது. செவ்ரோல் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. அதே கறுப்பு நூலைத் தனியாக வைத்தால் நன்றாகத்தான் இருந்தது. குறை பக்கத்து நூலில் இருந்தது. பக்கத்தில் வைத்த நீலமும் ஊதாவும் கறுப்பின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. இதை ஆராய்ந்து 1839-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது என்பதே அதன் சாரம்.

ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி எடுக்கும்போது இதைத்தான் செய்கிறோம். துணியைத் தனியாகப் பார்த்து யாரும் எடுப்பதில்லை. புடவையின் மேல் வைத்துப் பார்க்கிறோம். தனியாக அழகாக இருந்த மெரூன், புடவைக்குப் பக்கத்தில் போனதும் அழுக்காகத் தெரியும். சுமாரான பச்சை ஒன்று அரக்குக் கரைக்கு அருகே போனதும் எழுந்து நிற்கும். அரக்குக்குப் பச்சை சேரும் என்று நம் வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாகச் சொல்வதற்கும் செவ்ரோல் சொன்னதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும். இந்த ஜோடிகளை நிரப்பு நிறங்கள் என்கிறார்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். நல்ல சிவப்புத் துணி ஒன்றை அரை நிமிடம் கண் கொட்டாமல் பாருங்கள், பிறகு உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலப்பச்சையாக ஒரு நிழல் மிதக்கும். சிவப்பைப் பார்த்துக் களைத்த கண், தானாகவே அதன் ஜோடியை உண்டாக்கிக்கொள்கிறது. ஓவியர் அந்த ஜோடியைப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் கண் உற்சாகமாகிறது. பச்சைக் கடலில் சிவப்புக் கையெழுத்து இருப்பது அதனால்தான்.

வான் கோ இதை மேலோட்டமாகக் கேள்விப்பட்டவர் இல்லை. அவர் வைத்திருந்த சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குள்ளே கம்பளி நூலுருண்டைகள். இரண்டு மூன்று நிற நூல்களைச் சேர்த்துச் சுற்றிய உருண்டைகள். வண்ணக் குழாய்க்குச் செலவு ஆகும், நூலுக்குப் பெரிய செலவில்லை. எந்த நிறத்தோடு எது சேர்ந்தால் என்ன ஆகிறது என்று நூலைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நெசவுக்கூடத்தில் நூலைப் பார்த்துக் கண்டுபிடித்ததை ஒரு ஓவியர் மறுபடி நூலிலேயே சோதித்துப் பார்க்கிறார். அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். வெறிபிடித்தாற்போல வண்ணத்தை வாரி இறைத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அந்த நூலுருண்டைகள் அந்தக் கதையைப் பொய்யாக்குகின்றன.

படகுகளை மறுபடி பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை. தற்செயல் என்று சொல்ல முடியுமா? அந்த ஊர்ப் படகுகள் உண்மையிலேயே அந்த நிறங்களில்தான் இருந்தன. பச்சை, சிவப்பு, நீலச் சிறு படகுகள், வடிவமும் நிறமும் பூக்களை நினைவுபடுத்தின என்று எமில் பெர்னார் என்ற ஓவிய நண்பருக்கு எழுதுகிறார். ஆக, நிறம் அங்கேயே இருந்தது. அவர் செய்தது, அந்த நிறங்களைக் கோட்டுக்குள் அடைத்து, நிழலைக் குறைத்து, ஒன்றுக்கு மற்றொன்று பதில் சொல்லும்படி நிறுத்தியது. கொஞ்ச நாளில் இன்னும் ஒரு படி மேலே போனார். அதே 1888 செப்டம்பரில் ஆர்லில் ஒரு இரவு விடுதியின் உட்புறத்தை வரைந்தபோது, மனிதர்களின் பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றேன் என்று எழுதினார். கடற்கரையில் பூவாகத் தெரிந்த அதே ஜோடி அங்கே அச்சத்தைத் தருகிறது. நிறம் பொருளை விட்டு நகர்ந்து மனசின் பக்கம் வந்துவிட்டது.

இதே செவ்ரோலைப் படித்துவிட்டு முற்றிலும் வேறு பக்கம் போனவர் ஜார்ஜ் சூரா. இவரும் கடல்காரர்தான், ஆனால் வடக்குக் கடல். 1885 முதல் கோடைக்காலங்களில் கிராங்கான், ஓன்ஃப்ளர், போர்-ஆன்-பெசான், கிராவ்லீன் என்று வடக்குக் கரை ஊர்களுக்குப் போய் வரைந்தார். சூராவின் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் கடலைக் காணவே காணோம், புள்ளிகள்தான். நீலப் புள்ளி, பக்கத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, நடுவே வெள்ளை கலந்த பச்சை. வண்ணங்களைத் தட்டில் கலந்தால் மங்கிப்போகும், தனித்தனிப் புள்ளியாக வைத்தால் பார்ப்பவரின் கண்ணே கலந்துகொள்ளும் என்பது அவருடைய கணக்கு. நடைமுறையில் அந்தக் கணக்கு முழுக்கப் பலிக்கவில்லை, ரொம்பத் தள்ளி நின்றால் புள்ளிகள் சேர்ந்து கொஞ்சம் சாம்பலாகிவிடும். ஆனால் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. அவ்வளவு பொறுமையாகப் புள்ளி வைத்த கடலில் சத்தமே இல்லை. காற்று நின்றுபோன ஒரு மதியத்தின் அமைதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிராவ்லீன் படங்களை 1890-இல் வரைந்தார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். வயது 31.

சூராவின் புள்ளியை அவருடைய நண்பர் பால் சினியாக் தெற்கே கொண்டுபோனார். சினியாக் நிஜமாகவே பாய்மரப் படகு ஓட்டுபவர். 1892-இல் தன் படகிலேயே செந்த்-திரொபே என்ற துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். இன்று பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் நிற்கும் இடம் அது, அப்போது மீனவர் ஊர். அங்கே அவருடைய புள்ளி பெரிதாகி, மொசைக் கல் மாதிரி சதுரச் சதுரத் தீற்றல் ஆனது. ஆரஞ்சு வானமும் ஊதா மலையும் பச்சைத் தண்ணீரும் மணி கோத்தாற்போல இருக்கும். கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் சினியாக்கின் துறைமுகங்களைத்தான் பார்க்க வேண்டும். வான் கோவுக்கும் இவருக்கும் பாரிஸிலேயே பழக்கம். 1889 மார்ச்சில், வான் கோ ஆர்ல் மருத்துவமனையில் இருந்தபோது, தெற்கே போகும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனவரும் இவர்தான்.

மூன்றாவது வழி பால் செசானுடையது. மார்செய் நகருக்குப் பக்கத்தில் லெஸ்தாக் என்ற கரையோர ஊரில் அவர் பலமுறை தங்கினார். 1876-இல் நண்பர் பிசாரோவுக்கு எழுதிய கடிதத்தில், சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி இருக்கிறது, நீலக் கடல் மேல் சிவப்புக் கூரைகள் என்றார். இந்த உவமையிலேயே எல்லாம் இருக்கிறது. சீட்டில் ஆழம் கிடையாது. செசானின் லெஸ்தாக் படங்களில் கடல் ஒரு நீலப் பலகை மாதிரி செங்குத்தாக எழுந்து நிற்கும், அலை கிடையாது. முன்னால் வீடுகள் கட்டி கட்டியாக, எதிர்க்கரையில் மலைகள். சூரியன் எந்தப் பக்கம், மணி என்ன என்று அந்தப் படம் கவலைப்படுவதில்லை. மோனேயின் துறைமுகத்தில் ஒரு நிமிடம் இருக்கிறது, செசானின் வளைகுடாவில் நிமிடமே இல்லை. பழகாத கண்ணுக்கு முதலில் வறட்சியாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பிடிக்க ரொம்ப நாளாயிற்று. இப்போது திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அவரைத்தான்.

நான்காவதாக பால் கோகனைச் சொல்வார்கள். பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனி கரையிலும் பிறகு பசிபிக் கடலின் தாஹிதித் தீவிலும் வரைந்தவர், நிறத்தைக் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து ரொம்ப தூரம் விலக்கிக் கொண்டுபோனவர். 1888 அக்டோபரில் ஆர்லுக்கு வந்து வான் கோவோடு ஒரே வீட்டில் இருந்ததும், டிசம்பரில் அது முறிந்ததும் தனிக்கதை.

இந்த நால்வரையும் ஒரே கூடையில் போட்டது யார்? அவர்கள் யாரும் இல்லை. 1910 நவம்பரில் லண்டன் கிராஃப்டன் கூடத்தில் ரோஜர் ஃபிரை என்ற விமர்சகர் ஒரு கண்காட்சி வைத்தார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த படங்களுக்கு மொத்தமாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. யோசித்த பெயர் எதுவும் சரிப்பட்டு வரவில்லை. எப்படியும் இவர்கள் இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள்தானே, அப்படியே வைத்துவிடலாம் என்று முடிவானது. 'மானேயும் போஸ்ட்-இம்ப்ரஷனிஸ்டுகளும்' என்று கண்காட்சிக்குப் பெயர். இந்த மானே வேறு, மேலே சொன்ன மோனே வேறு, ஆரம்பத்தில் எல்லோருக்கும் குழம்பும். பெயர் வைத்த அன்று வான் கோ இறந்து 20 ஆண்டு ஆகியிருந்தது. சூரா, கோகன், செசான் யாரும் உயிரோடு இல்லை. தங்களுக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று தெரியாமலேயே போனவர்கள். அதனால் இந்தப் பெயரை ஒரு கொள்கை மாதிரி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு காலத்தைக் குறிக்கும் சொல்லாக வைத்துக்கொண்டால் போதும், ஏறக்குறைய 1886-இலிருந்து இருபது ஆண்டுகள்.

அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதையும் கடற்கரையிலேயே பார்க்கலாம். 1904 கோடையில் இளைஞர் ஆன்ரி மாத்தீஸ் செந்த்-திரொபேயில் சினியாக்குக்குப் பக்கத்தில் தங்கிப் புள்ளி வைக்கப் பழகினார். அடுத்த கோடையில் கொலியூர் என்ற இன்னொரு மீனவர் ஊரில் ஆந்த்ரே தெரானோடு சேர்ந்து வரைந்தபோது, புள்ளியின் ஒழுங்கை உதறிவிட்டார். நிறம் மட்டும் நின்றது, முன்னெப்போதும் இல்லாத துணிச்சலோடு. அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவர்களைக் காட்டு விலங்குகள் என்று ஒரு விமர்சகர் எழுதினார். வான் கோவின் படகுகள் கரையிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தன என்று எனக்குத் தோன்றும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழி சொல்கிறேன். மோனேயின் சூரிய உதயத்தையும் வான் கோவின் படகுகளையும் அடுத்தடுத்துத் திறந்து வையுங்கள். இரண்டுமே காலை, இரண்டிலும் கடல், படகு. முதல் படத்தில் சூரியனைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். படமே அணைந்துபோகும், ஏனென்றால் அந்தக் கணம் முழுவதும் அந்த ஆரஞ்சு வட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதில் எதை மறைத்தாலும் படகுகள் அசையாது. கடலை மறையுங்கள், நிற்கும். வானத்தை மறையுங்கள், நிற்கும். சிவப்பை மறைத்தால் மட்டும் பக்கத்துப் பச்சை கொஞ்சம் வாடும்.

அப்புறம் வான் கோவின் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, 'அமித்தியே' என்ற எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஆர்லில், கடலிலிருந்து வெகு தூரத்தில், தான் வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, நிஜமான படகு எந்த மீனுக்காக எங்கே போயிருந்ததோ.